நிறுத்துங்க என்று சொன்னவர்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கத்தோலிக்கக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: நாடகப் பட்டறையை நடத்திய மகதலேனா டீச்சர்; கணவன் வேடம் போட்ட டோரிஸ்; கவுண்டர் அதிகாரியாக நடித்த லியனார்ட்; மனைவியாக நடித்த தெய்வானை ஆச்சி; முன்வரிசையில் ரயில்வே பென்ஷன்காரர் கொர்னேலியஸ்; கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த லெட்சுமி, ரமணி, அவர்களோடு வந்த பெண்கள்; கதவோரமாக, நாற்காலி கொடுத்தும் உட்கார மறுத்து நின்ற தெய்வானை ஆச்சியின் கணவர் சாத்தப்பன். முத்துக்கருப்பன் அங்கே இல்லை. அவர் அன்றைக்குக் கிள்ளானில் தம் கடையில் இருந்தார். இதை மறந்துவிடக் கூடாது.

சாத்தப்பன் நாடகம் பார்க்கிறவர் அல்லர். ராம.மு.சா. குடும்பத்தில் யாரும் மேடை ஏறியதும் இல்லை. அவருடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், கோலாலம்பூருக்கு வந்து தொழில் நடத்திய காலத்திலிருந்தே குடும்பப் பேரான அந்த மூன்று எழுத்து விலாசத்துக்கு ஒரு மரியாதை உண்டு. இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஜவுளிக் கடை. மகன் அடைக்கப்பன் பார்த்துக்கொள்கிறான். சாத்தப்பன் காலையில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கடைக்குப் போய், ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருப்பதே போதும், கடை நடக்கும் என்று அவர் நம்பினார். அடைக்கப்பன் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் யாரை யார் எதைக் கேட்டாலும், அவருடைய வலது உள்ளங்கை மெதுவாக மேலே எழும். "நான் சொல்றேன்" என்று அதற்குப் பொருள். தெய்வானை ஆச்சியைப் பார்த்து டாக்டர், எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கை எழும். "இவங்களுக்கு முழங்கால்" என்பார் சாத்தப்பன். வலித்தது தோள்பட்டையாக இருந்தாலும், ஆச்சி முழங்காலுக்குக் கொடுத்த தைலத்தை வாங்கிவந்து தோளில் தேய்த்துக்கொள்வார்.

தெய்வானை ஆச்சியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய காலத்து விஷயம். சாத்தப்பனுக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம், ஆச்சிக்கு மட்டும் சிவப்பு. நாட்டில் குடியிருக்கலாம், குடிமகள் இல்லை. பல வருஷம் அதை யாரும் நினைக்கவில்லை. பிறகு ஒருநாள் கிளினிக்கிலிருந்து வந்த ஆச்சி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பேச்சை ஆரம்பித்தார்.

"எனக்கும் நீல ஐ.சி. எடுக்கணும்."

"சிவப்புல என்ன கொறைச்சல்?"

"அங்க இருக்கிற பொண்ணு கார்டப் பாத்துட்டு, ஆன்டி எந்த ஊருன்னு கேக்குது. பிரிக்பீல்ட்ஸ்னேன். சிரிக்குது."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க கவுண்டர்ல போய் நிக்கிறதில்ல."

கை எழுந்துவிட்டது. பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் சாத்தப்பன் மனத்தில் இருந்தது கவுண்டர் மட்டும் அல்ல. விண்ணப்பம் போட்டால் அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ராம.மு.சா. வீட்டு ஆச்சி ஒரு சின்னப் பையன் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்று, ஃபெயில் என்று திருப்பி அனுப்பப்பட்டால், அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் கிள்ளானுக்குப் போய்விடும். அங்கே அவருடைய பங்காளி முத்துக்கருப்பன் இருந்தார். அவர் காதில் விழுந்த எதுவும் அவரோடு நின்றதில்லை.

அதற்குப் பிறகு ஆச்சி அதைப் பற்றிப் பேசவில்லை. சனிக்கிழமைதோறும் சாப்பாட்டை முடித்துவிட்டு, "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார். இந்த வயதில் பக்தி கூடுவது நல்லதுதான் என்று சாத்தப்பன் நினைத்துக்கொண்டார். விபூதி இல்லாமல் திரும்பி வருகிறாரே என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதைத் தோன்ற வைத்தவர் கொர்னேலியஸ். காப்பிக் கடையில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செட்டியாரே, ஆச்சி நல்லா பண்றாங்க லா."

"என்ன பண்றாங்க?"

"டிராமா. எங்க கோயில் ஹால்ல. நம்ம மகதலேனா டீச்சர் நடத்துது. இன்னிக்கு எல்லாருக்கும் காட்டுறாங்க. நீங்க வரல?"

சாத்தப்பன் காப்பியைக் கீழே வைத்தார்.

"அவங்க கோயிலுக்குல்ல போறேன்னாங்க."

"நாங்களும் அதக் கோயில்னுதானே சொல்றோம்" என்றார் கொர்னேலியஸ்.

பொய் என்று எடுத்துச் சொல்ல அதில் எதுவும் இல்லை. அதுதான் சாத்தப்பனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கொர்னேலியஸும் காப்பியை ஒரே வாயில் குடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். இதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நாடகம் ஒரு தடவை முழுதாக நடந்து முடிந்திருந்தது. மகதலேனா டீச்சர் விதியையும் சொல்லி முடித்திருந்தார். இந்த நாடகத்தில் அந்தப் பெண் தோற்றுப் போகிறாள். அதையே மறுபடி நடிப்பார்கள். பார்க்கிறவர்களில் யாருக்காவது, அவள் இந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாமே என்று பட்டால், "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவர் எழுந்து வந்து, அவள் இடத்தில் நின்று, அதைச் செய்து காட்ட வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ள முடியாது. கொர்னேலியஸுக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். வழியில் அவர் அதைச் சொல்லவில்லை. பின்னாளில் சாத்தப்பன் இதைக் கேட்டபோது, "நீங்க கேக்கலியே" என்றார்.

மண்டபத்தில் மேடை என்று எதுவும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மேஜை. அதுதான் கவுண்டர். மேஜைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு லியனார்ட். முன்னால், தோளில் ஒரு சிவப்புத் துணியோடு தெய்வானை ஆச்சி. சிவப்புத் துணியைப் போட்டிருப்பவர்தான் அந்தப் பெண் என்று அடையாளம். பக்கத்தில், மையால் மீசை வரைந்து, அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு டோரிஸ்.

"சியாப்பா நாமா?" என்று லியனார்ட் மலாயில் ஆச்சியின் பேரைக் கேட்டான்.

ஆச்சி வாயைத் திறந்தார். டோரிஸின் வலது உள்ளங்கை மெதுவாக மேலே எழுந்தது.

"நான் சொல்றேன், எழுதிக்குங்க. இவங்க எங்க வீட்டு ஆச்சி."

"நாமா?"

"ஆச்சின்னா போதும் தம்பி. பிரிக்பீல்ட்ஸ்ல யாரக் கேட்டாலும் தெரியும்."

மண்டபம் சிரித்தது. கதவோரத்தில் நின்ற சாத்தப்பனுக்குக் காதுகள் சூடாயின. அது அவருடைய கை. அந்தக் கை எழும்போது சுண்டுவிரல் கொஞ்சம் தள்ளி நிற்பது உட்பட, அது அவருடைய கைதான். அவர் வீட்டுக் கூடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே நடுவில் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு வார்த்தை வெளியே வரக் கூடாது.

"நிறுத்துங்க" என்றார் சாத்தப்பன். அவருடைய வலது உள்ளங்கை தானாகவே மேலே எழுந்திருந்தது. சுண்டுவிரல் தள்ளி நின்றது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டோரிஸின் கையைப் பார்த்தார்கள். மறுபடி இவர் கையைப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"வாங்க அங்கிள், வாங்க" என்று மகதலேனா டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார். "மொத ஆளே நீங்கதான். இங்க வந்து நில்லுங்க."

"நான் என் வீட்டு ஆளக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அது சரி அங்கிள். ஆனா நிறுத்துன்னு சொன்னவங்க வந்து செஞ்சு காட்டணும். அதுதான் ரூல். பயமா இருந்தா பரவால்ல, வேற யாராச்சும்—"

பயம் என்ற வார்த்தையை மட்டும் டீச்சர் சொல்லியிருக்கக் கூடாது. சாத்தப்பன் வட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். மனைவியைப் பார்த்தார். தெய்வானை ஆச்சி சிவப்புத் துணியை எடுத்து மடித்து, அவர் பக்கம் நீட்டினார்.

"யாரோ போட்ட துணிய நான் போடுறதில்ல."

"அப்ப உங்க துண்டு போதும் அங்கிள்" என்றாள் டோரிஸ். "ஆனா தோள்ல அது எப்பவும் கெடக்கு. எனக்கும் தோள்லதான் கெடக்கு. யாரு புருஷன், யாரு பொண்டாட்டின்னு ஆடியன்சுக்குக் குழம்பிடும். தலையில போட்டுக்குங்க."

சட்டமாக எதைச் சொன்னாலும் மதிக்கிற வழக்கம் சாத்தப்பனிடம் இருந்தது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஆச்சி போய் லெட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லியனார்ட் பேனாவை எடுத்தான். "சியாப்பா நாமா?"

சாத்தப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். டோரிஸின் கை எழுந்தது. "நான் சொல்றேன், எழுதிக்குங்க."

"என்னத்தானே கேக்குறாரு?" என்றார் சாத்தப்பன்.

"நீ சும்மா இரு."

சாத்தப்பனை இதுவரை யாரும் சும்மா இரு என்று சொன்னதில்லை. அவருடைய அப்பச்சிகூடச் சொன்னதில்லை. அப்பச்சி பார்த்தாலே போதும். அவர் மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். ஆச்சி குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

"நான் ராம.மு.சா. வீட்டு..." என்று அதிகாரியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"இத்து ரூமா லா, ஆன்டி" என்றான் லியனார்ட், சிரிக்காமல். "வீடு சொல்றீங்க. நான் பேரு கேக்குறேன்."

"அதான் ஆச்சின்னு சொல்லிட்டேன்ல" என்றாள் டோரிஸ்.

"ஆச்சி பேரு இல்ல" என்றார் சாத்தப்பன்.

அதைச் சொன்ன பிறகுதான் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் என்றால் "இந்தா". பிள்ளைகளிடம் என்றால் "உங்க ஆத்தா". கடையில் என்றால் "ஆச்சி". யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட யாருமே இல்லை.

"தெய்வானை" என்றார்.

அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஆச்சி கைப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நாமா சாயா, தெய்வானை" என்று மலாயிலும் சொன்னார் சாத்தப்பன். டோரிஸின் கை மறுபடி எழப் பார்த்தது. அவர் அதற்கு நேரே தம் உள்ளங்கையைத் தூக்கி நிறுத்தினார். கைக்குக் கை எதிராக நின்றது. "நீங்க சும்மா இருங்க. என் பேர எனக்குத் தெரியும்."

கிள்ளான் பெண்கள் நாற்காலியைத் தட்டினார்கள். கொர்னேலியஸ் விசில் அடித்தார். கோயில் மண்டபம் என்று ஞாபகம் வந்து பாதியில் விட்டார்.

லியனார்ட் அதிகாரிதான், விடவில்லை. "சரி. இவ்வளவு வருஷமா சிவப்பு கார்டு வச்சிருக்கீங்க. இப்ப எதுக்கு நீலம்? கெனாப்பா?"

கிளினிக்கில் ஒரு பெண் சிரித்தாள் என்பது மட்டும் சாத்தப்பனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் கை எழுந்துவிட்டது. இப்போது டோரிஸும் உதவிக்கு வரவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அவர் துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"எதுக்குக் கேட்ட?"

ஆச்சி எழுந்து நின்றார்.

"தேர்தல் அன்னிக்கு நீங்க வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுப் பிள்ளைங்களோட ஓட்டுப் போடக் கிளம்புறீங்க. நான் உள்ள நின்னு கதவச் சாத்துறேன். ஒரு தடவையாச்சும் நாம எல்லாரும் சேந்து வீட்டப் பூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான்."

சாத்தப்பன் துண்டை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பிறகு ஆச்சிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்ட குரலில் சொன்னார்.

"ஃபெயிலாயிட்டா?"

"ஃபெயிலானா மறுபடி போவேன். பாசார்ல மீன்காரன்கிட்ட இத்தன வருஷமா எந்த மொழியில சண்ட போடுறேன்னு நெனச்சீங்க?"

அன்று நாடகம் அதற்கு மேல் நடக்கவில்லை. எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாத்தப்பன் டோரிஸைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கையை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். அவள் எங்கும் பார்க்கவில்லை. பட்டறையில் ஒரு விளையாட்டு உண்டு: ஒருவர் மற்றவர்களைக் களிமண் மாதிரி பிடித்து, தம் வீட்டைச் சிலையாக நிறுத்திக் காட்ட வேண்டும். ஆச்சி டோரிஸை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, அவள் கையை எடுத்து மேலே தூக்கி, சுண்டுவிரலை மட்டும் தள்ளி வைத்தாராம்.

"அப்ப அது என் கைன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"உங்க கையா?" என்று குறுக்கே வந்தாள் லெட்சுமி. "அது எங்க வீட்டுக்காரர் கை, அங்கிள். அச்சு அசல்."

"எங்க மாமனார் கை" என்றாள் ரமணி. "ரெண்டு கையும் தூக்குவாரு."

வீட்டு மானம் தெருவுக்கு வந்துவிட்டது என்று நினைத்த சாத்தப்பனுக்கு, அந்தத் தெருவே அங்கே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தச் சுண்டுவிரல் தமக்கு மட்டுமே உரியது என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்றும் இருந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒத்திகை நடந்தது. மேஜைக்குப் பின்னால் சாத்தப்பன் அதிகாரியாக உட்கார்ந்து மலாயில் கேள்வி கேட்பார். ஆச்சி நின்று பதில் சொல்வார். அதிகாரி வேடம் அவருக்கு மிகவும் பொருந்தியது. சரியான பதிலையும் ஒரு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடைசியில் ஆச்சி, "உங்கள விட நெசமான அதிகாரி நல்லவராத்தான் இருப்பாரு" என்று போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அது உண்மையாகவும் இருந்தது. அலுவலகத்தில் இருவரும் வரிசையில் நின்றார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பொறுமையாக, ஆச்சியைப் பார்த்துப் பேரைக் கேட்டார். சாத்தப்பனின் வலது கை மேலே எழுந்தது. அது பல வருஷப் பழக்கம். ஒரு பட்டறையில் போய்விடாது.

"நிறுத்துங்க" என்றார் தெய்வானை ஆச்சி.

விதி சாத்தப்பனுக்குத் தெரியும். சொன்னவர் முன்னால் வர வேண்டும். மற்றவர் விலகிக்கொள்ள வேண்டும். அவர் கையை இறக்கி, பின்னால் இருந்த பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஆச்சி கவுண்டரில் முழங்கையை ஊன்றித் தம் பேரைச் சொன்னார். பிறகு பிறந்த ஊர், வந்த கப்பல், பிள்ளைகள், பாசாரில் மீன் விலை எல்லாவற்றையும் சொன்னார். கடைசியானதை அந்த அம்மாள் கேட்கவில்லை. இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று பெஞ்சுக்குக் கேட்கவில்லை. வரும் வழியில் சாத்தப்பன் கேட்டார்; ஆச்சி சொல்லவில்லை.

நீல அட்டை வர நாள் பிடித்தது. வந்தது. அடுத்த தேர்தல் அன்று ராம.மு.சா. வீட்டின் முன்கதவு முதல் தடவையாக வெளியிலிருந்து பூட்டப்பட்டது. பூட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ஓட்டுச் சாவடிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனார்கள்.

கிள்ளானில் முத்துக்கருப்பன் கல்யாண வீடுகளில் ஒரு கதை சொல்லிவருகிறார். சாத்தப்பன் சேலை கட்டி, பொட்டு வைத்து, மாதா கோயில் மண்டபத்தில் ஆடினார் என்பது அந்தக் கதை. சாத்தப்பன் சேலை கட்டவில்லை. பொட்டு வைக்கவில்லை. ஆடவும் இல்லை. தலையில் போட்டது துண்டு. அதுவும் அவருடைய சொந்தத் துண்டு.